அப்புறம் வாங்க

அப்பா புளியமரத்திலிருந்து விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டபோது நான் தருமபுரியில் ஒரு மோட்டார், பைப் கடையில் கணினி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பில் போடுகிற கணினி, கிடங்கு இருப்பு, பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் இருக்கிற கிளைகள் எல்லாம் என் பொறுப்பு. அறுவை சிகிச்சை முடிந்து அவரை ஏரியூருக்குக் கூட்டிவந்தோம். அம்மா இல்லாத வீடு. தூக்கி உட்கார வைக்கவும், ஒன்றுக்குப் போக டப்பா பிடிக்கவும் என்னை விட்டால் ஆளில்லை. நான் தினமும் பஸ் ஏறிப் போனால் பகலெல்லாம் அவர் தனியாகக் கிடக்க வேண்டும். வேலையை விட்டால் இந்தப் பக்கத்தில் எனக்கு வேறு வேலை கிடையாது.

முதலாளியிடம் போய், "பாய், நான் வூட்ல இருந்தே பாத்துக்கறேன்" என்றேன்.

"தம்பி, மோட்டாரு இங்க இருக்குது. நீ ஏரியூர்ல குந்திக்கினு எப்பிடி எண்ணுவ?"

"எண்றதுக்கு ஆளு இருக்குறாங்க பாய். எண்ணுனத கம்ப்யூட்டர்ல பாக்கறதுதான் என் வேலை."

பாலக்கோட்டுக் கடையைப் பார்த்துக்கொள்கிற அவருடைய மருமகனும் அப்போது அங்கே இருந்தார். வியாபாரத்தில் கறாரான மனிதர். "ஒரு மாசம் பாப்பம் மாமா. சரிப்பட்டு வல்லன்னா வேற பையன வெச்சிக்கலாம்" என்றார். என் எதிரிலேயே சொன்னதால் அதில் எனக்கு வருத்தமில்லை.

அதற்காக நான் தேடிப்பிடித்தது ஒரு திறந்த மூல விபிஎன். கடைக் கணினிக்கும் என் கணினிக்கும் நடுவே, வெளியே இருப்பவர்கள் எட்டிப்பார்க்க முடியாத ஒரு தனிப் பாதை போட்டுத் தரும். புதிதாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. பிரவுசரில் ஒரு முகவரியைத் திறந்தால் போதும். கிளைக் கடைகளில் இருப்பது பழைய கணினிகள். அங்கே இருப்பவர்களுக்கும் பிரவுசர்தான் பழக்கம். நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம். ஒரே ஒரு காவல்: புதிதாக ஒருவர் உள்ளே வரக் கேட்டால் முதலாளியின் போனில் மணி அடிக்கும். அவர் அனுமதித்தால்தான் கதவு திறக்கும். அவர் கடை, அவரே வாசலில் நிற்கட்டும் என்று நினைத்தேன்.

கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. அப்பா கட்டிலில், நான் பக்கத்தில் கணினியோடு. ஒரு காலையில் யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்த்தால், மோட்டார் கம்பெனி விற்பனையாளர், போர்வெல் வண்டிக்காரர், கடைக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர். கூடவே பெயரில்லாமல் எழுத்தும் எண்ணுமாக ஒருவர். உடனே போனில் முதலாளியைக் கூப்பிட்டேன்.

"பாய், இவங்கெல்லாம் எப்பிடி உள்ள வந்தாங்க?"

"நீ குடுத்த லிங்க்க கடை வாட்ஸப் குரூப்ல போட்டேன். கேட்டாங்க, உட்டேன்."

"அந்த குரூப்ல பிளம்பருங்கெல்லாம் இருக்கறாங்களே பாய்! டீக்கடைக்காரருக்கு நம்ம கிடங்குல என்ன வேலை?"

"அட, அவரு தினம் மூஞ்சி பாக்கற ஆளு. வாசப்படில நிக்கறவர வராதன்னு சொல்லவா?"

"பேரே இல்லாம ஒருத்தர் இருக்கறாரே?"

"அது யாருன்னு எனக்கும் தெரியல தம்பி. வெறும் எழுத்தும் நம்பருமா இருந்துச்சி. பாவம், யாரோன்னு உட்டுட்டேன்."

அவரைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. அந்தக் கடையில் வழி கேட்க வந்தவருக்கும் நாற்காலி உண்டு, டீ உண்டு. நான் எல்லோரையும் வெளியேற்றிவிட்டுச் சாவிகளை மாற்றினேன். எதுவும் களவு போகவில்லை. ஆனால் மருமகனுக்கு விஷயம் எட்டிவிட்டது.

"கதவில்லாத வூடு மாதிரி இருக்குது இது. சனிக்கெழமையோட நிறுத்திருங்க மாமா. அந்தப் பையன் வந்தா வரட்டும், இல்லன்னா உட்டுருங்க."

இதை முதலாளியே என்னிடம் சொன்னார். குரல் தணிந்திருந்தது. நான் கேட்டேன்: "பாய், கடைக்குத் தெரியாத ஆளு வந்தா என்ன கேப்பீங்க?"

"எந்த ஊரு, யாரு வூட்டுப் புள்ளன்னு கேப்பேன்."

"வேணாத ஆளுன்னா?"

"அப்புறம் வாங்கன்னு சொல்லுவேன். மூஞ்சிக்கு நேரா போன்னு எப்பிடிச் சொல்றது?"

அவர் போனில் வந்த பக்கத்தில் இதெல்லாம் எதுவும் இல்லை. ஆங்கிலத்தில் இரண்டே பொத்தான்கள்: அனுமதி, மறுப்பு. மறுப்பது அவரால் ஆகாத காரியம். நிரல்தான் திறந்து கிடக்கிறதே! அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு அந்தப் பக்கத்தைத் தேடிப்பிடித்துத் திருத்த உட்கார்ந்தேன். உள்ளே வரக் கேட்பவர் முதலில் தன் படத்தைக் காட்ட வேண்டும். பிறகு 'நீங்க யாரு? எந்த ஊரு? கடையில யாரத் தெரியும்? எதுக்கு வர்றீங்க?' என்ற கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். அது முதலாளிக்குத் தமிழில் போகும். கீழே 'உள்ள வாங்க' என்று ஒரு பொத்தான். மறுப்பு இருந்த இடத்தில் 'அப்புறம் வாங்க'.

சனிக்கிழமை முதலாளி கூப்பிட்டார். சிரித்துக்கொண்டே பேசினார்.

"தம்பி, ஒருத்தர நிறுத்திட்டேன்! படம் ஒரே இருட்டு. யாருன்னு கேட்டா 'நான்தான்'னு எழுதியிருக்குது. எந்த ஊருன்னா 'உள்ளூரு'. எவனோ கிண்டல் பண்றான்னு அப்புறம் வாங்கன்னு அமுக்கிட்டேன்."

"யாருன்னு தெரிஞ்சிச்சா பாய்?"

"எங்க மருமவன்தான்! இங்கயேதான் நிக்கறாரு, இந்தா பேசு."

மருமகன் போனை வாங்கினார். "உனக்குத்தான் சோதன வெச்சேன். கல்யாணம் ஆனதுலேருந்து மாமா என்ன அப்புறம் வான்னு சொன்னதே இல்ல. இன்னைக்கிச் சொல்லிட்டாரு." அதே மூச்சில், "எங்க பாலக்கோட்டு போனுக்கும் இந்தப் பக்கத்தப் போட்டுக் குடு. அப்பா காலு ஊனற வரைக்கும் நீ அங்கியே இரு. அவசரமில்ல" என்றார்.

போனை வைத்தபோது கட்டிலிலிருந்து அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா சாமி, பாஸ் பண்ணிட்டியா?"

"பாஸா? வேலைப்பா. வேலை போகல, இங்கிருந்தே பாக்கச் சொல்லிட்டாங்க."

"வேலையா இது? பரிச்சைக்குப் படிக்கறன்னு இல்ல நெனச்சேன்! கலைக்கக் கூடாதுன்னு தண்ணிகூடக் கேக்காம கெடக்கறேன்."

எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. எழுத்தைப் பார்த்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தால் அப்பாவுக்கு அது படிப்புதான். கணினியை மூடிவிட்டுச் சொம்பில் தண்ணீர் மொண்டு வந்தேன். அவர் முதுகுக்கு என் கையைக் கொடுத்து நிமிர்த்தினேன். மடக் மடக்கென்று முழுச் சொம்பையும் குடித்தார்.