எலேனாவின் அப்பா, தோமாஸின் அப்பா

“…அப்படியென்றால் உங்களுக்குக் கணவர்மார் எத்தனை பேர், மதாம்?”

விசாரணை அதிகாரியான அந்தப் பெண்மணி இதைப் பிரெஞ்சில் கேட்டார். நான் ஸ்பானிஷில் சொன்னேன். போகோத்தாவில் இருந்த இன்னொரு மொழிபெயர்ப்பாளர் எமிலியோ, மேசை ஸ்பீக்கர் வழியாக அதையே பியாரோவா மொழியில் சொன்னார். என் பக்கத்தில் இருந்த, அகதியாக ஏற்கும்படி கேட்டு வந்த மரீத்சா கேட்டுவிட்டு, கையை மடியில் வைத்துக் குனிந்துகொண்டாள்.

“பதில் இல்லை” என்று மைக்கில் சொன்னேன்.

மொன்றியல் டவுன்டவுனில் ஒரு ஏழாம் மாடி அறை அது. அகதி விசாரணைகளுக்கு மொழிபெயர்க்கும் வேலையில் எத்தனையோ அறைகளில் இருந்திருக்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இந்த அறையின் கதையைத்தான்.

1. ஹோட்டல் லோன்றி ஸ்பானிஷ்

நான் பட்டம் வாங்கி இந்தத் தொழிலுக்கு வந்தவள் இல்லை. மன்னாரிலிருந்து வந்து பதினொரு வருடம் ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில், லோன்றியில், படுக்கை விரிப்பு மடித்தேன். என்னோடு மடித்தவர்கள் பெருவிலும் குவாத்தமாலாவிலும் இருந்து வந்த பெண்கள். வாய் ஓயாத கூட்டம். ஒருத்தி சொல்வாள்: “ஆண்டவரே இறங்கி வந்து விரிப்பு மடிச்சாலும் மற்ற மூலையைப் பிடிக்க ஒரு ஆள் வேணும்.” இப்படி அவர்கள் சொன்னதையெல்லாம் வீட்டுக்குப் போய்க் கொப்பியில் தமிழ் எழுத்தில் எழுதி வைப்பேன். என் ஸ்பானிஷ் அந்தக் கொப்பியில் படித்தது. பரீட்சை எழுதி இந்த வேலைக்கு வந்தது பிறகு.

2. எல்லாவற்றுக்கும் ஓம்

மரீத்சா வெனிசுவேலாக்காரி. ஆகவே ஸ்பானிஷ் என்று என்னை அனுப்பினார்கள். முதல் அமர்வில் கேட்டதற்கெல்லாம் “ஸீ, ஸீ”, ஆம் ஆம், என்றாள். பெயர் சரியா? ஸீ. திகதி சரியா? ஸீ. எனக்குச் சந்தேகம் வந்தது. மொழி விளங்குகிறதா என்று பார்க்க அதிகாரியிடம் அனுமதி வாங்கி, “காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?” என்று கேட்டேன். அதற்கும் “ஸீ” என்றாள்.

அன்றைக்கு அமர்வு நின்றது. அவளிடம் இருந்தது சந்தையில் மீன் விற்கப் போதுமான ஸ்பானிஷ். சொந்த மொழி பியாரோவா. ஒரினோகோ நதிக்கரைக் காட்டு மக்களுடையது.

விசாரணைக் கந்தோர் அலுவலர்கள் மொழிபெயர்ப்புக்குத் தேடிப் பிடித்த முதல் ஆள் அதே நதிக்கரைக்காரர், ஹீவி இனத்தவர். தொலைபேசியில் என்னிடம் சிரித்தார். “செஞ்ஞோரா, நாங்கள் பக்கத்துப் பக்கத்து ஊர்தான். ஆனா அவையின்ர பாஷைக்குச் சொந்தம் மாக்கோ, சாலிபா எண்ட பாஷையள். என்ரது வேற குடும்பம். எனக்கு அவையின்ர சண்டை மட்டும்தான் விளங்கும்.”

அவர் காட்டிய வழியில் கிடைத்தவர் எமிலியோ. பியாரோவாக்காரர், பள்ளிக்கூட வாத்தியார். “பியாரோவா எண்டது மற்றவை வைச்ச பேர். எங்களுக்கு நாங்கள் வொத்திஹா” என்று முதல் வாக்கியத்திலேயே எனக்குப் பாடம் எடுத்தார். பியாரோவாவிலிருந்து ஸ்பானிஷ், ஸ்பானிஷிலிருந்து பிரெஞ்சு: இதை நாங்கள் ரிலே என்போம். ஒரு சின்னக் கேள்விக்கு அவர் நீட்டிப் பேசினால் அதிகாரி பேனையால் மேசையில் தட்டுவார். எமிலியோ அசையமாட்டார். “எங்கட பாஷையில ஒண்டை எண்ணினா அது உருண்டையோ நீட்டோ தட்டையோ எண்டும் சேர்த்துச் சொல்லோணும். அவசரப்பட்டா அது கதை இல்லை” என்பார்.

3. மூன்று பெயர்

மரீத்சாவின் கேஸ் முழுவதும் அவள் கணவன் மேல் நின்றது. காட்டுக்குள் தங்கம் தோண்ட வந்த ஆயுதக்காரரை எதிர்த்து ஊர்க் கூட்டத்தில் பேசியவன் அவன். அவர்கள் தேடி வந்தது அவனை. அவன் கொலம்பியாப் பக்கம் ஒளித்திருக்க, இவள் ஏழு வயது மகள் எலேனாவோடு இங்கே வந்து சேர்ந்தாள். அந்த மனிதன்தான் இவள் கணவன் என்று நம்ப வைக்காவிட்டால் தாயையும் பிள்ளையையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஃபைலில் இருந்த கணவனின் அடையாள அட்டையில் பெயர் ரமோன். ஆனால் ரிலேயில் நடந்த மறு அமர்வில் மரீத்சா காலை முழுவதும் “எலேனாவின் அப்பா” என்றே சொன்னாள். அவளுடைய அண்ணன் ஸ்பானிஷில் எழுதியிருந்த கடிதத்திலோ ஆயுதக்காரர் தேடியது “தோமாஸின் அப்பாவை”. விண்ணப்பத்தில் தோமாஸ் என்று ஒரு பிள்ளையே இல்லை. அதோடு கடிதம் “தோமாஸின் அம்மாவுக்கு” என்று தொடங்கியது. வேறு யாருக்கோ எழுதிய கடிதத்தை இவள் கொண்டுவந்திருக்கிறாள் என்று அதிகாரி நினைத்தார். கணவன் பெயரைச் சொல்லுங்கள் என்று மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் அவள் குனிந்தாள். அதன் பிறகுதான் நான் முதலில் சொன்ன அந்தக் கணவர்மார் கேள்வி.

கால் மணி நேரம் இடைவேளை விட்டார்கள்.

4. கோப்பி மெஷின் பக்கத்தில்

மரீத்சாவின் வழக்கை நடத்திய லோயர் சுகன்யா எங்கள் தமிழ்ப் பிள்ளை. மொன்றியலுக்குப் பக்கத்து லொங்கேயில் பிறந்து வளர்ந்தவள். கோப்பி மெஷினடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“அன்ரி, கேஸ் கையை விட்டுப் போகுது. ஒரு பேர்! ஒரே ஒரு பேரைச் சொல்லுறதுக்கு என்ன?”

“பிள்ளை, என்னோடை கேஸ் கதைக்கக் கூடாது. நான் உம்மட ஆளும் இல்லை, அவையின்ர ஆளும் இல்லை. கோப்பியைக் குடியும்.”

“கோப்பி இறங்குதில்லை அன்ரி.”

அப்போது அவளுடைய போன் அடித்தது. கையில் கோப்பி இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். தாயின் குரல்.

“பிள்ளை, கொப்பர் இண்டைக்கும் பிரஷர்க் குளிசை போடேல்லை. நான் சொன்னாக் கேக்கிறாரில்லை. நீ ஒருக்காக் கதை.”

“அம்மா, நான் வேலையில நிக்கிறன். பேந்து எடுக்கிறன்.”

நான் கோப்பியைக் கீழே வைத்தேன். கொப்பர்! உன் அப்பா என்று பிள்ளையை வைத்துத்தான் தாய் தன் மனிசனைச் சொல்கிறாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் என் மனிசனைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. “இஞ்சாருங்கோ”, இல்லாவிட்டால் “பெரியவன்ர அப்பா”. அப்படிப்பட்ட நான் காலை முழுவதும் எமிலியோவிடம், பெயரைக் கேளுங்கள், பெயரைக் கேளுங்கள் என்று அந்தப் பெண்ணை நெருக்கியிருக்கிறேன்.

“என்ன அன்ரி, முகம் மாறுது?”

“ஒண்டுமில்லை. உம்மட அம்மா நல்லா இருக்கோணும்.”

5. மொழிபெயர்ப்பாளர் பேசுகிறார்

எங்கள் தொழிலில் “நான்” என்றால் அது சாட்சி சொல்பவர். நாங்களாக ஏதாவது சொல்வதென்றால் யாரோ மூன்றாம் ஆளைப் போலச் சொல்ல வேண்டும். அமர்வு தொடங்கியதும் கை உயர்த்தினேன்.

“மொழிபெயர்ப்பாளர் ஒரு விடயம் சொல்ல அனுமதி கேட்கிறார். கேள்வி சாட்சியிடம் போய்ச் சேரவில்லை என்று மொழிபெயர்ப்பாளர் நினைக்கிறார்.”

அதிகாரி கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “மூன்று தரம் கேட்டேனே, மதாம்.”

“சொல் போனது. ஆனால் அவர்களில் ஒரு பெண் கணவனின் பெயரைச் சொல்வது வழக்கமா என்று மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பாளரின் ஆட்களில் வழக்கம் இல்லை.”

வரம்பு மீறியதாக எழுதிவிட்டால் அடுத்த வேலை கிடைக்காது. அதிகாரி பேனையைக் கீழே வைத்தார். பிறகு எமிலியோவிடம் விளக்கம் கேட்காமல், நேரே மரீத்சாவைப் பார்த்தார். கெட்டிக்காரிதான் அந்த அதிகாரி.

“உங்கள் அண்ணன் உங்களை எப்படிக் கூப்பிடுவார்?”

கேள்வி ஸ்பானிஷில் போனது, பியாரோவாவில் போனது. மரீத்சா அன்றைக்கு முதல் தரம் நிமிர்ந்தாள். பதில் உடனே வந்தது.

“தோமாஸின் அம்மா.”

“தோமாஸ் யார்?”

“என் மூத்தவன். நடக்கப் பழகும்போது காய்ச்சலில் போய்விட்டான். உயிரோடு இருக்கும் பிள்ளைகளைத்தான் விண்ணப்பப் பாரத்தில் கேட்டிருந்தார்கள். அண்ணன் அவனைத் தூக்கித் திரிந்தவர். அதனால் இன்றைக்கும் எங்களை அவன் பெயரால்தான் கூப்பிடுவார்.”

அதிகாரி ஃபைலைப் புரட்டிக் கடிதத்தின் முதல் வரியில் விரலை வைத்தார். பிறகுதான் எமிலியோவிடம் கேட்டார். ஸ்பீக்கரில் அவர் குரல் பொங்கியது. “செஞ்ஞோரா, பிள்ளை பிறந்தாப் பிறகு எங்கட பக்கத்தில ஆளுக்குப் பேர் அதுதான். அவ சொன்னதை மட்டும் மாத்திச் சொல்லத்தானே எனக்கு அனுமதி? ஆரும் என்னைக் கேட்டிருந்தால் எப்பவோ சொல்லியிருப்பன்!”

அடையாள அட்டையின் பிரதியை அதிகாரி மேசை வழியாகத் தள்ளினார். மரீத்சா படத்தின் மேல் விரல் வைத்து, “எலேனாவின் அப்பா” என்றாள். சுகன்யா மேசைக்குக் கீழே என் கையைத் தேடினாள். நான் கொடுக்கவில்லை, விதி விதிதான்.

அன்றைக்கு நான் படித்ததைச் சொல்கிறேன். கேள்வியை மாற்ற மொழிபெயர்ப்பாளருக்கு உரிமை இல்லை. ஆனால் கேள்வி வழியில் நின்றுவிட்டது என்று தெரிந்தால் கை உயர்த்தத்தான் வேண்டும். கை உயர்த்தப் பயமாக இருக்கும். உயர்த்துங்கள்.

வழக்கமாக முடிவு தபாலில் வரும். அன்றைக்கோ அதிகாரி ஒருவரையும் எழும்ப வேண்டாம் என்றார். மைக்கைத் தன் பக்கம் இழுத்து, முடிவை அங்கேயே சொல்லத் தொடங்கினார். “சாட்சியின் கணவர் ரமோன்…” என்று பெயரை வாசித்ததும் மரீத்சா சட்டென்று குனிந்ததைக் கண்டு நிறுத்தினார். பேனையை எடுத்துத் தாளில் ஏதோ திருத்தினார். பிறகு முதலிலிருந்து, அவசரமே இல்லாமல், எமிலியோவுக்கும் எனக்கும் இடம் விட்டு விட்டு வாசித்தார்: “எலேனாவின் அப்பாவைத் தேடியவர்களிடமிருந்து, எலேனாவின் அம்மாவுக்கும் எலேனாவுக்கும் இந்த நாடு பாதுகாப்பு அளிக்கிறது.”