திருப்பி எடுத்துக்கொண்ட ஸ்தோத்திரம்

அந்த வருஷம் டிசம்பர் பிறந்ததும் எங்கள் போதகரின் மனைவி பெண்கள் கூட்டத்தில் ஆளுக்கொரு கோடு போட்ட நோட்டைக் கொடுத்தார். அவரை ஐயரம்மா என்றுதான் கூப்பிடுவோம். "ஆண்டவர் செஞ்ச நன்மை தினமும் ஒண்ணாவது இதுல எழுதுங்க. வருஷக் கடைசி ஆராதனையில எழுந்து நின்னு வாசிக்கணும்" என்றார்.

எனக்குள் சிரித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் வேலை செய்த இரும்புக் கம்பெனியில் அப்போது ஸ்டிரைக். கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்த எழுபதுகள் அவை. அதற்கு முன் ஆரம்பாக்கம் பக்கம் நாற்று நட்டு, களை பறித்துப் பிழைத்தவர்கள் நாங்கள். மாதச் சம்பளம் என்பதே எங்கள் குடும்பத்துக்குப் புதுசு. உலையடியில் நின்ற ஒருவர் மேல் உருகின இரும்பு தெறித்து இரண்டு பாதமும் வெந்துபோயிற்று. உலையில் நிற்கிற எல்லாருக்கும் பூட்ஸ் கொடு என்று கேட்டார்கள். கம்பெனி மாட்டேன் என்றது. கேட்டவர்களில் முன்னால் நின்றவர் என் வீட்டுக்காரர்.

ஸ்டிரைக் என்று பண்டிகை தள்ளிப் போகுமா? சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். பாட்டுப் பாடி வருகிறவர்களுக்கு டீயும் முறுக்கும் கொடுக்க வேண்டும். மாமியார் வீட்டு ஜனம் வரும். ஐந்து வயது மகள் காலையில் கண்ணைத் திறந்ததும் "கவுன் எப்போ?" என்பாள். அரிசிப் பானையைச் சுரண்டிவிட்டு நோட்டைத் திறப்பேன். 'இன்று கூரை ஒழுகவில்லை, ஸ்தோத்திரம்.' 'மகளுக்குக் காய்ச்சல் விட்டது, ஸ்தோத்திரம்.' அதற்கு மேல் பேனா நகராது.

அப்போதுதான் நாங்கள் அண்ணன் என்று கூப்பிடும் ஒருவர் சாயங்காலங்களில் வரத் தொடங்கினார். அதே கம்பெனியில் மூத்த தொழிலாளி, எங்கள் சபையில் மூப்பர். ஃபோர்மேனிடம் சொல்லி என் வீட்டுக்காரரை வேலைக்குச் சேர்த்துவிட்டவர். எங்கள் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பனும் அவர்தான்.

"இன்னா தங்கச்சி, அடுப்பு எரியுதா?" என்று கேட்டுக்கொண்டே நுழைவார். கையில் ஒரு பை இருக்கும். ஒருநாள் அரிசி. ஒருநாள் அதிரசத்துக்கு வெல்லம். ஒருநாள் மகளின் கவுனுக்கு ரோஸ் நிறத்தில் பூப்போட்ட துணி. ஊத்துக்கோட்டையில் மாமனார் வீட்டில் நல்ல விளைச்சல் என்பார். என் கண் நிறைந்துவிடும்.

டீ குடித்துக்கொண்டே என் வீட்டுக்காரரிடம் கேட்பார். "முட்டி வலில ஸ்டிரைக் கூட்டத்துக்கு வர முடியலப்பா. இன்னா பேசினாங்க? யார்யாரு வந்தாங்க?"

என் வீட்டுக்காரர் ஒளிவுமறைவில்லாமல் சொல்வார். ஒருநாள் கோபம் தலைக்கேறி, "அந்த மொதலாளிய ஒரு நாள் வெறுங்காலோட உலைக்கு முன்னால நிக்க வெக்கணும்ணே. அப்பத்தான் பூட்ஸ் இன்னாத்துக்குன்னு புரியும்" என்றார். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கு நோட்டில் எழுதினேன்: 'கஷ்டத்தில் கூட இருக்கிற அண்ணனுக்காக ஸ்தோத்திரம். கூடப்பிறந்தவன்கூட இப்படிப் பார்க்கமாட்டான்.'

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஸ்டிரைக் முடிந்தது. பூட்ஸ் தருகிறோம், எல்லாரும் வேலைக்கு வாருங்கள் என்று கம்பெனி சொல்லி அனுப்பியது. என் வீட்டுக்காரர் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு போனார். உச்சிவெயிலில் திரும்பி வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து நின்றார்.

"என்னைச் சேத்துக்கலமே. கூட்டம் நடத்தின நாலஞ்சு பேரை வெளிய நிறுத்திட்டாங்க."

"ஏன்யா? எல்லாரும் வரலாம்னாங்களே?"

"மொதலாளிய உலையில தள்ளப் போறதா நான் சொன்னனாம். போலீசுக்குப் போவாம உட்டதே பெருசுன்றான் மேனேஜர்." என் பக்கம் திரும்பினார். "அது நம்ம ஊட்ல பேசின பேச்சு. நீ சர்ச்சுல யார்கிட்டனா சொன்னியா?"

"என் மேலயே சந்தேகமா? நான் வாய் தொறக்கலய்யா."

"அன்னிக்கு ஊட்ல யார் இருந்தா? நீயும் நானும்தானே இருந்தோம்?"

"நீ இருந்த, நான் இருந்தேன், அப்புறம்..." என்று ஆரம்பித்தேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை நான்தான் அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலில் மூங்கில் குச்சிகளை வைத்து நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தார். "வா தங்கச்சி" என்றார்.

"அண்ணே, அந்தப் பேச்சை ஆபீஸ்ல சொன்னது நீங்கதானா?"

எந்தப் பேச்சு என்று அவர் கேட்கவில்லை. கையிலிருந்த நூலைச் சுற்றிக்கொண்டே இருந்தார். உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. அவர் மனைவி வெளியே வரவில்லை.

"கூப்ட்டு கேட்டாங்க தங்கச்சி. சூப்பர்வைசர் வேலை தரேன்னாங்க. மூணு பொட்டப்புள்ளய வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? நான் சொல்லலனா வேற எவனாவது சொல்லியிருப்பான்."

"வேற எவனும் எங்க ஊட்ல ஒக்காந்து டீ குடிக்கலயே."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அரிசி, துணியெல்லாம் மனசாரத்தான் கொண்டாந்தேன். கர்த்தர் மேல ஆணை. அதுல பொய் இல்ல."

அதை நான் நம்பினேன். இன்றுவரை எனக்கு ஆறாதது அதுதான். கெட்டவன் வேஷம் போட்டு வந்தான் என்றால் ஏமாந்தோம் என்று விட்டுவிடலாம். இவர் என் மகளைத் தூக்கிக் கொஞ்சியது நிஜம். வெல்லத்தைக் கொடுத்துவிட்டு என் கண்ணைப் பார்க்கக் கூச்சப்பட்டதும் நிஜம். அதே கையால் எங்கள் சோற்றில் மண்ணைப் போட்டார்.

கிறிஸ்துமஸ் காலையில் மகள் அந்த ரோஸ் கவுனைத்தான் போடுவேன் என்று அழுதாள். வேறு துணியும் இல்லை. போட்டுவிட்டேன். சர்ச்சில் அவள் ஓடிப்போய், "பெரிப்பா, கவுனு பாத்தியா?" என்று அண்ணன் முன்னால் சுற்றிக் காட்டினாள். என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய் வேப்ப மரத்தடியில் நின்றார். ஆராதனை முடியும்வரை உள்ளே வரவில்லை.

வருஷக் கடைசி ஞாயிறு. ஒவ்வொரு பெண்ணாக எழுந்து வாசித்தார்கள். மாடு கன்று போட்டது, மாமியார் பிழைத்தது, மகன் பாஸானது. ஒவ்வொன்றுக்கும் சபை ஆமென் சொன்னது. என் முறை வந்தது. ஒன்றும் இல்லை என்று உட்கார்ந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். முன் வரிசையில் அண்ணன் கண்ணை மூடி ஜெப பாவனையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் அந்தப் பக்கத்தைத் திருப்பினேன். 'கஷ்டத்தில் கூட இருக்கிற அண்ணனுக்காக ஸ்தோத்திரம்' என்று வாசித்தேன். எல்லாரும் ஆமென் என்றார்கள்.

"இன்னும் முடிக்கல" என்றேன். "எங்க ஊட்ல ஒக்காந்து கேட்டதை அந்த அண்ணன் கம்பெனில போயி சொல்லி என் ஊட்டுக்காரரு வேலைக்கு ஒலை வெச்சிட்டாரு. கர்த்தருக்கு முன்னால தெரியாம எழுதிட்டேன். இந்த ஸ்தோத்திரத்தை நான் திருப்பி எடுத்துக்கறேன்."

போதகர் ஐயர் சட்டென்று ஒரு பாட்டை ஆரம்பித்தார். சபை முழுக்க எழுந்து நின்று உரக்கப் பாடியது. பக்கத்தில் இருந்தவள் என் முந்தானையை இழுத்து, "ஒக்காருக்கா, ஒக்காரு" என்றாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். நான் சொன்னதோடு என்னையும் சேர்த்து அந்தப் பாட்டு மூழ்கடித்த மாதிரி இருந்தது.

இரண்டு நாள் கழித்து ஐயரம்மா வீட்டுக்கு வந்தார். கட்டிலில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குத்தான் ஆறுதல் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"கர்த்தருடைய ஆலயத்துல அப்படிப் பேசலாமாம்மா? அவர் மூப்பர். ஆலயத்துக்கு ஓடு மாத்தினதே அவர் முயற்சிதான். நீ ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டா எல்லாம் சரியாயிடும்."

"நானா கேக்கணும்?"

"மன்னிக்கச் சொல்லித்தானே வேதம் சொல்லுது."

"மன்னிக்கறேம்மா. அவரு வந்து கேக்கட்டும்."

ஐயரம்மா என் கையை விட்டுவிட்டார். அண்ணன் கேட்க வரவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் அந்த சர்ச்சுக்குப் போகவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்கவும் ஒருத்தர் வரவில்லை.

கும்மிடிப்பூண்டியில் எந்தக் கம்பெனியும் என் வீட்டுக்காரரைச் சேர்க்கவில்லை. பொங்கலுக்குப் பிறகு ஆரம்பாக்கத்தில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது. சாமான்களை ரயிலில் ஏற்றிக்கொண்டு அங்கேயே குடி போய்விட்டோம். "உன்ன சந்தேகப்பட்டுட்டேன் இல்ல?" என்று ரயிலில் கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவரை மன்னிக்க எனக்கு அதிக நாள் பிடிக்கவில்லை.

புது இடத்தில் குடியேறின மறுநாள், பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரம்மா மூடி வைத்த கிண்ணத்தில் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தாள். "புள்ளைக்கு" என்று நீட்டினாள்.

"எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டேன். கேட்ட விதம் எனக்கே கடுமையாக இருந்தது. அவள் முகம் விழுந்துவிட்டது. கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டுப் போனாள்.

கொஞ்ச நேரம் அதைத் தொடாமல் வைத்திருந்தேன். மகள் பசிக்கிறது என்றாள். சோற்றில் ஊற்றிப் பிசைந்து அவளுக்கு ஊட்டிவிட்டேன்.