கோட்டுக்குள் போட்ட ஜாக்கெட்

வெல்டா குபியாக்குக்கு ஒரு இடத்தில் கால் தரிக்காது. இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவளுக்கு இப்படி ஒரு குணம் என்றால் வேடிக்கைதான். தீவனக் கடையில் நின்றபடியே காபி குடிப்பாள். தேவாலயத்தில் கடைசிச் சுவரில் சாய்ந்துகொண்டே பிரசங்கம் கேட்பாள். புருஷன் கஸ் அரிசோனா வெயிலைத் தேடிப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. "இவளோட குடித்தனம் பண்றதும் ரயில்வே ஸ்டேஷன்ல படுத்துக்கறதும் ஒண்ணுதான்" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் போனான். அதில் பொய் ஒன்றுமில்லை என்று வெல்டாவே ஒத்துக்கொள்வாள்.

ஆனால் பேருந்தில் ஏறிவிட்டால் அவள் வேறு ஆள். ஒரே ஒரு பிள்ளை நின்றுகொண்டிருந்தாலும் பிரேக்கை விடமாட்டாள். கண்ணாடியில் முறைத்தபடி காத்திருப்பாள். பனி கொட்டினாலும் சரி, பள்ளி மணி அடித்தாலும் சரி. அந்தப் பேர் இருந்ததால்தான் அவள் தம்பி ஆர்லினின் மனைவி மார்சி அந்த நவம்பரில் அவளிடம் வந்து நின்றாள்.

அக்காவும் தம்பியும் முப்பது வருஷமாக மிசிசிப்பி ஆற்றில் வாத்து வேட்டைக்குப் போகிறவர்கள். போன வருஷம் அணைக்குக் கீழே ஒரு படகு கவிழ்ந்து இரண்டு பேர் போய்விட்டார்கள். படகை நிமிர்த்தியபோது இரண்டு லைஃப் ஜாக்கெட்டும் விலைச் சீட்டுகூடக் கிழிக்காமல் உள்ளே செருகிக் கிடந்தனவாம். அதைக் கேட்டதிலிருந்து மார்சிக்குத் தூக்கம் போச்சு. புது ரகத்தில் இரண்டு வாங்கி வந்தாள். கழுத்தைச் சுற்றி மெல்லிய பட்டை மாதிரி கிடக்கும்; தண்ணீர் பட்டால் தானாகக் காற்று நிரம்பி உப்பிக்கொள்ளும்.

"நான் சொன்னா அவர் காதுலயே போட்டுக்க மாட்டார், வெல்டா. உன் பஸ் பிள்ளைங்கள்ல ஒண்ணுன்னு நெனச்சுக்கோ. மாட்டிவிடாம படகை எடுக்காதே."

"அவனை என்கிட்ட விட்டுடு" என்றாள் வெல்டா.

சொல்லிவிட்டாளே தவிர, அந்த ஆற்றில் வேட்டைக்காரர்களின் வழக்கம் அவளுக்குத் தெரியாததா? படகில் ஆளுக்கொரு ஜாக்கெட் இருக்க வேண்டும் என்பது சட்டம். இருக்கும், உட்கார்ந்திருப்பவர்களின் பின்புறத்துக்கு அடியில். அலுமினியப் பலகை காலையில் ஐஸ் மாதிரி சில்லிடும், அதற்கு அது நல்ல மெத்தை. உடம்பில் மாட்டிக்கொண்டு வருகிறவனைத் துறையில் யாரும் சும்மா விடமாட்டார்கள்.

அக்காவும் தம்பியும் வேட்டைக்குக் கிளம்பிய அன்றைக்கும் அப்படித்தான். பக்கத்தில் படகை இறக்கிக்கொண்டிருந்த சோபோட்கா சகோதரர்கள் ஆரம்பித்தார்கள்.

"என்ன ஆர்லின், நீச்சல் கிளாஸ்ல சேர்ந்துட்டியா?"

"எங்கக்காகிட்ட கேளு. மாட்டலேன்னா அப்பாகிட்ட சொல்லிடுவாளாம். அப்பா செத்து இருபது வருஷம் ஆச்சுன்னு யாராவது அவகிட்ட சொல்லுங்கப்பா" என்றான் ஆர்லின். சிரிப்பு அடங்கியதும் முனக ஆரம்பித்தான். "துப்பாக்கிக் கட்டை தோள்ல பதிய மாட்டேங்குதுக்கா."

"பதியும். ஒழுங்கா போடு."

கோட்டுக்கு மேல் மாட்டிக்கொண்டு நின்றான். வெல்டா இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள். கறுப்புப் பட்டை, ஓரமெல்லாம் ரத்தச் சிவப்பு. நாணல் நிறக் கோட்டின் மேல் அது அரை மைலுக்கு அப்பாலிருந்தும் தெரியும். வேட்டைக்காரப் புத்தி முந்திக்கொண்டது.

"வாத்து என்ன குருடா? கழட்டி உள்ளே போட்டுக்க. மேல கோட்டைப் போட்டு ஜிப்பைக் கழுத்து வரைக்கும் இழு."

இழுத்துக்கொண்டான். மார்சிக்குக் கொடுத்த வாக்கும் காப்பாற்றியாகிவிட்டது, வாத்துக்கும் தெரியாது என்று வெல்டாவுக்குத் தன்னைப் பற்றியே பெருமை.

"உன்னோடது எங்கே?" என்றான் ஆர்லின்.

"பொம்மை வாத்து போடறதும் எடுக்கறதும் நான். கயித்துல மாட்டிக்கும்." தன்னுடையதைப் பலகையில் விரித்து அதன்மேல் உட்கார்ந்தாள். பறக்கிற வாத்தை ஏமாற்றி இறக்கத் தண்ணீரில் மிதக்கவிடும் அந்தப் பொம்மைகளின் கயிறு வெறும் சாக்கு. அவனுக்கு மார்சி இருக்கிறாள், இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், போன மாதம் பேத்தி பிறந்திருக்கிறது. தன் வீட்டில் யார் இருக்கிறார்கள் காத்திருக்க? அப்படித்தான் அவள் கணக்குப் போட்டாள்.

காலை எட்டு மணிவரை ஒரு வாத்தும் வரவில்லை. வெல்டாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஃபிளாஸ்கைத் திறந்தாள், மூடினாள். தோட்டாக்களை எண்ணினாள். காற்று வடமேற்குக்குத் திரும்பி, அகலமான அந்தத் தண்ணீர் வெள்ளை வெள்ளையாக நுரைக்கத் தொடங்கியது.

"கிளம்பிடலாம்டா. காத்து சரியில்ல."

"இந்தக் காத்துலதான்க்கா வரும். கொஞ்சம் உட்காரேன், உயிரை வாங்காதே."

அவன் சொல்லி வாய் மூடவில்லை, ஒரு கூட்டம் தாழ இறங்கியது, இருபது முப்பது இருக்கும். வெல்டா எழுந்து நின்று சுட்டாள். விழும் வாத்தைக் கவ்விவரக் கூட்டி வந்திருந்த நாய் பெப்பர் அதே பக்கம் பாய்ந்தது. அதைப் பிடிக்க ஆர்லினும் அதே பக்கம் சாய்ந்தான். அலையும் சேர்ந்துகொண்டது. படகு புரண்டது.

குளிர் அவள் மூச்சைப் பிடுங்கிக்கொண்டது. உட்கார்ந்திருந்த ஜாக்கெட் எந்தப் பக்கம் போனதோ. கவிழ்ந்த படகின் விளிம்பைப் பிடித்துத் தலையை நிமிர்த்தியபோது, கைக்கெட்டும் தூரத்தில் ஆர்லின் மல்லாந்து மிதந்தான். 'அப்பாடா, மிதக்கிறான்' என்று நினைத்தாள். பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். அது நீலம் பாரித்துக்கொண்டிருந்தது. வாய் திறந்து திறந்து மூடியது, சத்தம் வரவில்லை.

நெஞ்சுவலி என்று நினைத்து மார்பில் கை வைத்தாள். காற்றடைத்த டயர் மாதிரி கல்லாக இருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஜாக்கெட் உள்ளே உப்பிவிட்டது. விரிய இடமில்லை. கோட்டு அதை அமுக்க, அது அவன் நெஞ்சை நசுக்கிக்கொண்டிருந்தது. கழுத்து வரைக்கும் ஜிப்பை இழுக்கச் சொன்னவள் அவள்தான்.

ஜிப்பைப் பிடிக்க விரல் வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள், அசையவில்லை. "ஆர்லின், என்னைப் பார்றா, பார்றா" என்று கத்திக்கொண்டே, பொம்மைக் கயிறு அறுக்க இடுப்பில் தொங்கவிட்டிருந்த கத்தியை இரண்டு கையாலும் உருவினாள். உள்ளே குத்திவிட்டால் காற்றும் போய்விடும், அவனும் போய்விடுவான். கத்தியின் வெட்டுவாயை வெளிப்புறமாகத் திருப்பிக் கோட்டின் கழுத்துப்பட்டைக்குள் நுழைத்து இடுப்புப் பக்கமாக இழுத்தாள். துணி கிழிந்தது. இன்னொரு இழுப்பு. ஜாக்கெட்டுக்குள் மடிந்திருந்த மஞ்சள் காற்றுப்பை பிதுங்கிக்கொண்டு வெளியே வந்தது. ஆர்லின் ஊளையிடுவது போல மூச்சை இழுத்தான்.

"கோட்டு..." என்றான், பல் கிட்டிக்க. "மார்சி... கொன்னுடுவா."

"பேசாதேடா மடையா!" என்று அவன் மேல் விழுந்து பிடித்துக்கொண்டாள். அவனுடைய ஜாக்கெட்தான் இருவரையும் தாங்கியது. கரையேறிய பெப்பர் ஓயாமல் குரைத்ததைக் கேட்டு சோபோட்கா சகோதரர்கள் படகோடு வந்து சேர்ந்தார்கள். தூக்கிப் போடும்போது அவர்கள் ஒரு வார்த்தை கேலி பேசவில்லை.

துறையில், ஹீட்டர் போட்ட டிரக்குக்குள் இருவரையும் கம்பளி சுற்றி ஆம்புலன்ஸுக்காக உட்கார வைத்திருந்தார்கள். சேதி கேட்டு மார்சி ஓடி வந்தாள். ஆர்லின் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வெல்டாவைக் கட்டிக்கொண்டாள்.

"நீ மட்டும் மாட்ட வைக்கலேன்னா இன்னைக்கு என் கதி என்ன?"

"ஜாக்கெட்டுக்கு மேல கோட்டைப் போட்டு மூச்சு முட்டினது என் முட்டாள்தனம், மார்சி. குளிருச்சு, அதான்" என்று ஆர்லின் முந்திக்கொண்டான். அக்காவைப் பார்க்கவில்லை.

பேசாமல் இருந்திருக்கலாம். வெல்டாவால் முடியவில்லை.

"பொய் சொல்றான். நான்தான் போடச் சொன்னேன். வாத்துக்குத் தெரியும்னு."

மார்சியின் கை அவள் தோளிலிருந்து இறங்கியது. 

"உன்னோட ஜாக்கெட்?"

"மேல உட்கார்ந்திருந்தேன்."

"ஏன்?"

"அவனுக்குக் குடும்பம் இருக்கு" என்றாள் வெல்டா. "எனக்கென்ன, நான் ஒண்டிக்கட்டை."

மார்சி டிரக் கதவை ஓங்கி ஒரு அறை அறைந்தாள்.

"முப்பது வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம உனக்கு ஒரு தட்டு வைக்கிறேன்டி! அடுத்த வாரம் அந்தத் தட்டை நான் என்ன பண்ணியிருப்பேன்? சொல்லு!"

வெல்டா கம்பளியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.