சூனியம் என்று நான் மொழிபெயர்த்த சொல்

வாரத்தில் இரண்டு நாள் காலை ஏழு மணிக்குக் கல்முனையில் ஓர் ஆஸ்பத்திரியில் என்னை இரத்தம் சுத்திகரிக்கும் மெஷினோடு பிணைத்துவிடுவார்கள். நாலு மணித்தியாலம் அசைய முடியாது. எனக்கு நடுக் கட்டில். இடப்பக்கம் ஒரு கத்தோலிக்க சிஸ்டர், கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். வலப்பக்கம் வெள்ளைத் துணி விரித்த கட்டிலில் ஒரு பிக்கு, எல்லாருக்கும் ஹாமதுரு. அம்பாறைக்கு அப்பால் ஒரு குடியேற்றக் கிராமத்து விகாரையிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். அவருக்குத் தமிழ் தெரியாது, சிஸ்டருக்குச் சிங்களம் தெரியாது. நானோ அம்பாறைக் கச்சேரியில், மாவட்ட அரச அலுவலகத்தில், மொழிபெயர்ப்பாளராக இருபத்தாறு வருடம் இருந்துவிட்டு மருதமுனைக்குத் திரும்பியவன். வேலை என்னை விடவில்லை.

என்னை சிஸ்டர் அண்ணன் என்ற பொருளில் நானா என்பார், பிக்கு ஐயா என்ற பொருளில் மாத்தையா என்பார். சிஸ்டர்தான் பேச்சைத் தொடங்கினார். "நானா, ஊசி ஏத்தக்குள்ள ஹாமதுரு முகத்தைச் சுழிக்கிறதே இல்ல. என்ன நினைக்கிறார் எண்டு கேளுங்களன்."

கேட்டேன். பிக்கு யோசித்துவிட்டு ஒரு சொல் சொன்னார். சுஞ்ஞதா, பாளிச் சொல். நெருக்கமாக இருக்கிறதே என்று நானும் அவசரப்பட்டு, "சூனியத்தை நினைக்கிறாராம்" என்றேன்.

சிஸ்டர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். "என்ன நானா? செய்வினை சூனியமா?"

தாதிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் பிக்குவுக்கு விஷயத்தைச் சொன்னதும் அவரும் குலுங்கிச் சிரித்தார். அவருடைய மெஷின் கீ கீ என்று கத்தத் தொடங்கியது. "வெறுமை" என்று நான் திருத்திய பிறகு சிஸ்டர் சொன்னார்: "அது எங்களிட்டயும் இருக்கே."

அதற்குப் பிறகு அந்த நாலு மணித்தியாலம் எனக்கு நீளமாகத் தெரியவில்லை.

பிக்கு சொன்னார், "என்ட சிறுநீரகம் எண்டுதான் இவ்வளவு காலமும் சொல்லிவந்தன். நில்லாதே, வேலை செய் எண்டு சொல்லிப் பார்த்தன். கேக்கல்ல. அப்ப அது எப்பிடி என்ட? வீடு இருக்கு மாத்தையா. வீட்டுக்காரன் எண்டு ஒருவர் உள்ளே இல்ல. அந்த வெறுமையைக் கண்டா நோவு கொஞ்சம் லேசாகுது."

சிஸ்டர் விடவில்லை. "எங்கட வீட்டில ஆண்டவர் எண்ட வீட்டுக்காரர் இருக்கார். அவர் வாசலில நிக்கிறவனைக் கூப்பிட்டுத் தன்ட கட்டிலைக் குடுத்திட்டு, தான் தரையில படுக்கிறார். தன்னை வெறுமையாக்கிறது எண்டு நாங்க சொல்றது அதைத்தான்."

இதை நான் சிங்களத்தில் சொன்னேன். பிக்கு, "நல்ல வீட்டுக்காரர்" என்றார். ஒத்துக்கொண்டாரா, மரியாதைக்குச் சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை.

ஒருநாள் ஊசி ஏற்ற முன்னர் டொக்டர் வந்தார். பொத்துவிலிலிருந்து அம்புலன்ஸில் ஒரு இளம் தாய் வந்துகொண்டிருந்தாள். பிள்ளை பெற்று மூன்று நாள், சிறுநீர் நின்றுவிட்டது. எல்லாக் கட்டிலிலும் ஆள். யாராவது ஒருவர் நாளைக்கு வரலாமா என்று கேட்டார்.

"என்ட இடத்தை அந்தத் தாய்க்குக் குடுங்க" என்றார் சிஸ்டர் உடனே.

என்ன நடக்கிறது என்று பிக்கு கேட்டார். சொன்னேன். "இந்தக் கட்டில் ஆருடையதும் இல்லையே. இதில குடுக்க என்ன இருக்கு? நான் எழும்புறன்" என்றார்.

அதைச் சொன்னதும் சிஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒண்டும் இல்லாட்டி எப்பிடிக் குடுக்கிறது? எனக்கு இந்த நாலு மணித்தியாலம் வேணும் நானா. வேணும் எண்டபடியாத்தான் குடுக்கிறன். அவரிட்ட அப்பிடியே சொல்லுங்க. நான்தான் எழும்புறன்."

அப்படியே சொன்னேன். ஆக, என் வாயிலிருந்து இரண்டு மொழியிலும் "நான் எழும்புறன்" என்று வந்தது. இரண்டும் என்னுடையவை அல்ல. என் கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. இன்னும் ஒருநாள் தாங்குவேனா என்ற பயம். நான் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

டொக்டர் மூன்று பேருடைய காகிதங்களையும் புரட்டினார். "சிஸ்டருக்கு மூச்சு வாங்குது. ஹாமதுருவுக்குப் பொட்டாசியம் கூடிப்போச்சு. ஒருநாள் பொறுக்கக்கூடிய ஆள் நீங்கதான் சேர்."

"ஓம்" என்றேன். வேறு என்ன சொல்ல? வெளியே வரும்போது அந்தப் பெண்ணைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். முகம் ஊதி, கண் திறக்க முடியாமல் இருந்தாள். பின்னால் அவளுடைய உம்மா பச்சைப்பிள்ளையைத் துவாயில் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அதுவரைக்கும் அவளை நான் ஓர் ஆளாகவே நினைக்கவில்லை, என் கட்டிலைப் பிடுங்க வரும் ஒரு செய்தி மட்டும்தான். அதை உணர்ந்தபோது எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

மறுநாள் எனக்கு மெஷின் கிடைத்தது, ஒன்றும் ஆகவில்லை. அடுத்த முறை மூன்று பேரும் சேர்ந்தபோது முதல்முறையாக யாருக்காகவும் அல்லாமல் எனக்காகக் கதைத்தேன். தமிழில் ஒருமுறை, சிங்களத்தில் ஒருமுறை. "அண்டைக்கு நான் எழும்ப நினைக்கல்ல. டொக்டர் சொன்னபடியாத்தான் போனன்."

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். "பயந்ததுக்கு வெக்கப்படாதீங்க நானா. எங்கட ஆண்டவரும் சிலுவைக்கு முந்தின இரவு, அந்தத் தோட்டத்தில, பயந்தவர்தானே."

பிக்கு சொன்னார்: "பயந்த ஆளைத் தேடிப் பாருங்க மாத்தையா. பயம் இருக்கும். ஆளைக் காணமாட்டீங்க."

இரண்டில் எது என்னை ஆற்றியது என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. சிஸ்டர் சொன்னதைக் கேட்டு அழுகை வந்தது. பிக்கு சொன்னதைக் கேட்டு அழுகை நின்றது.

பொத்துவில் பெண்ணுக்கு ஒரு மாதத்துக்குள் சிறுநீரகம் திரும்ப வேலைசெய்யத் தொடங்கியது. வீட்டுக்குப் போகும் நாளில் பிள்ளையைக் கொண்டுவந்து எங்கள் மூன்று பேருக்கும் காட்டினாள். பிறகு பிக்குவுக்கு அம்பாறை ஆஸ்பத்திரியிலேயே இடம் கிடைத்தது. இப்போதும் சிஸ்டர் கையடக்கத் தொலைபேசியை என் தலையணையில் வைத்து அவருக்கு அழைப்பெடுப்பார். நான் நடுவில் கிடந்து இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்குமாகச் சொல்லிக்கொண்டிருப்பேன். போன கிழமை பிக்கு அந்த வீட்டுக்காரரைப் பற்றித் தனக்கு ஒரு சந்தேகம் இருப்பதாகச் சொன்னார். சிஸ்டர், "கேக்கச் சொல்லுங்க, கேக்கச் சொல்லுங்க" என்று கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.