அடுப்புக்கு மூன்று கல்

ஓசூரில் நான் கேட் செக்யூரிட்டியாக நிற்கும் கம்பெனியில், ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "சார், பார்டர்ல என்ன கன்னு சார் வெச்சிருந்தீங்க?" எந்தத் துப்பாக்கி நிமிடத்துக்கு எத்தனை குண்டு கக்கும் என்பதுவரை அவர்களுக்கு மனப்பாடம். எல்லாம் செல்போனில் படித்தது. வாயாலேயே வடை சுடுகிறவர்கள். பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்தேன். சண்டை என்று நடந்தது ஒரே ஒரு நாள். அன்று யாரும் ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

வடக்கு எல்லையில் அப்படித்தான் உத்தரவு. இரண்டு பக்கமும் சுடக்கூடாது. துப்பாக்கி முதுகில் தொங்கும், கையில் கம்பு இருக்கும். ஒரு சாயங்காலம் எங்கள் சரிவில் அந்தப் பக்கத்துப் பட்டாளத்தார் கூடாரம் அடிக்க வந்தார்கள். தள்ளுமுள்ளு அடிதடியானது. ஆணி அடித்த தடி, இரும்புக் குழாய், கடைசியில் கல். நாலு வருடம் என்னோடு ஒரே தட்டில் தின்ற சேலத்துக்காரன் என் பக்கத்திலேயே மண்டை பிளந்து விழுந்தான். அவன் ரத்தம் என் வாய்க்குள் தெறித்தது. அவனை அடித்தவன் அடுத்து என்மேல் பாய்ந்தான்.

என் கம்பு முறிந்துவிட்டது. கைக்குக் கிடைத்த கல்லை எடுத்தேன். முதல் அடியில் அவன் தாடை உடைந்தது. இரண்டாவது அடியில் மண்டி போட்டு ஒரு கையைத் தூக்கினான். போதும் என்பதற்கு எந்த ஊரிலும் அந்தக் கைதான். எனக்கு அது நன்றாகவே புரிந்தது. மூன்றாவது முறையும் அடித்தேன். தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது.

பதக்கம் கொடுத்தார்கள். ஊரில் பேனர் கட்டினார்கள்.

சாமல்பட்டிப் பக்கம் எங்கள் ஊர்க் கொல்லையில் பழைய நடுகல் ஒன்று உண்டு. மாடு மீட்கப் போய்ச் செத்த வீரன், கையில் வில், நெஞ்சில் அம்புகள். வேடியப்பன் என்று கும்பிடுகிறோம். அம்பு விட்டவன் கல்லில் இல்லை. நான் உயிரோடு திரும்பினால் அங்கே பொங்கல் வைப்பதாக என் மனைவி வேண்டியிருந்தாள். யாருக்காக வேண்டினோமோ அவரே அடுப்புக்கு மூன்று கல் எடுத்து வைக்க வேண்டும். அதற்காகவே மூன்று வருடம் சாக்குச் சொன்னேன். அவள் பேச்சை நிறுத்திய பிறகுதான் இந்தத் தை மாதம் போனோம்.

கொல்லையில் கல்லுக்கா பஞ்சம்? குனிந்தேன். விரல் மடங்கவில்லை.

"இன்னாங்க, பட்டாளத்துக்காரரு அடுப்புக்கல்லு தூக்க மாட்டாரா?" என்று சிரித்தாள்.

அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அதுவரை அவளுக்குப் பதக்கம் மட்டும்தான் தெரியும். கேட்டுவிட்டுச் சொன்னாள்: "சுடாதேன்னு சொல்லி உங்கள அங்க நிறுத்தினவங்க நிம்மதியா தூங்கறாங்க. எய்தவன் இருக்க அம்ப நோவானேன்?"

"ரெண்டு அடிக்கு அது சரி. மூணாவத யாரும் எய்யல. நான்தான் அடிச்சேன்."

அவள் என் கைகளையே பார்த்தாள். இனி இவள் என்னைத் தொடமாட்டாளோ என்று பயந்தேன். மலையில்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

"கல்ல எடுங்க. நேரமாவுது," என்றாள். குரலில் ஈரமே இல்லை.

இரண்டு கையாலும் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து வைத்தேன். இரண்டாவது கல்லில் வாந்தி எடுத்தேன். அவள் தண்ணீர் கொடுத்தாள், கல்லை வாங்கிக்கொள்ளவில்லை.

பொங்கல் பொங்கியதும் வேடியப்பன் முன்னால் ஒரு இலை போட்டுப் படைத்தாள். பிறகு, கல்லுக்கு எதிர்ப்பக்கம் தள்ளி இன்னொரு இலை போட்டாள். படையலுக்கு வந்த பூசாரி யாருக்கு என்று கேட்டார்.

"எல்லையில செத்தவருக்குங்க."

சேலத்துக்காரன் செத்தது ஊருக்கே தெரியும். அவர் அந்த இலையைப் பார்த்துக் கும்பிட்டார்.

அவள் கரண்டியை என்னிடம் நீட்டினாள். "நீங்களே வைங்க. கையத் தூக்கின அந்தாளுக்கும் வீட்ல யாரோ வேண்டியிருப்பாங்க."

வைத்தேன். பாதி மண்ணில் சிந்தியது.