சுழி எண்ணுகிறவர்

சுழி வலப்பக்கம் சுழன்றால் சிவப்புப் புள்ளி, இடப்பக்கம் சுழன்றால் நீலப் புள்ளி. கேமரா எடுத்த படத்தை மூக்கில் முட்டும் அளவுக்குத் தூக்கிப் பிடித்து, முணுமுணுத்தபடி எண்ணுகிறார். நடுவில் யாராவது கூப்பிட்டால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. கணினி நொடியில் எண்ணிவிடும்தான். "அது ஓரத்துல இருக்கறதை விட்டுடும். அதுக்கென்ன, சம்பளமா பிடிக்கப் போறாங்க?" என்பார்.

ஆய்வுக்கூடத்தில் அவர் பெயர் சுழியண்ணன். அங்கே மெல்லிய படலம் ஒன்றில் ஒளியை அடைத்து, பொருளோடு கலந்து, திரவம்போல் ஓடவிடுகிறார்கள். கலக்கினால் சுழிகள் பிறக்கும். எதிரெதிர்ச் சுழிகள் சந்தித்தால் இரண்டும் காணாமல் போய்விடும். "எங்க வீட்டுக் கதைதான்" என்பார். அவர் மனைவியோ, "ஒளி தண்ணியாட்டம் ஓடுதாமே, ஒரு டம்ளர் கொண்டாங்க பாப்போம்" என்று பதினெட்டு வருடமாகக் கேட்கிறாள். லென்ஸ் துடைப்பதும் கண்ணாடிகளைச் சரிசெய்வதும்தான் அவர் வேலை. எண்ணுவது தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

அந்தச் சோதனை மேசையே கதியென்று ஐந்து வருடம் கிடந்த ஆராய்ச்சி மாணவி, அவர் வைத்த புள்ளிகளைக் கொண்டுதான் அந்த அதிசயத்தைக் கண்டாள். வலப்பக்கம் கலக்கினால் திரவம் இடப்பக்கம் சுழல்கிறது! பேராசிரியர் குதித்தார். திங்கட்கிழமை அவள் ஆய்வேடு பல்கலைக்கழகத்துக்குப் போகிறது. "அண்ணா, எல்லாம் உங்க கண்ணு" என்று அவள் சொன்னபோது இவருக்குத் தலைகால் புரியவில்லை.

இன்று மதியம் கேமராவுக்கு முன்னால் இருந்த சிறு கண்ணாடியைத் துடைத்தார். கைக்கடிகாரத்தின் நொடிமுள் அதில் பின்னோக்கி ஓடியது. போன வருடம் கேமராவை நகர்த்தியபோது ஒளியைத் திருப்ப அவரே வைத்த கண்ணாடி. எங்கும் எழுதவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எடுத்த படம் அத்தனையிலும் வலம் இடமாகத்தான் விழுந்திருக்கிறது. அடப்பாவி, கண்ணெதிரே இருந்ததே! திங்கட்கிழமைவரை வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த நினைப்பு வந்ததற்கே அவருக்கு அவமானமாக இருந்தது.

"என்னண்ணா, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றபடி அவள் உள்ளே வந்தாள்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா."

ஒளி புகும் தாள் ஒன்றில் பெரிதாக 'ட' எழுதி, ஒளி வரும் வழியில் பிடித்தார். திரையில் எழுத்து முகம் திருப்பி நின்றது. அவள் திரையையே பார்த்தாள். பிறகு கேமராவுக்கு முன்னால் இருந்த கண்ணாடியைப் பார்த்தாள்.

"தாளை எடுத்துடுங்கண்ணா, யாராவது பாத்துடுவாங்க" என்றாள், மெல்ல.

அவர் கையை இறக்கவில்லை.