நாற்பத்தொன்றாவது எண்

சுகாதாரத்துறை அலுவலகத்தில் அந்த அம்மாவுக்கு 'வாங்க டாக்டர்' என்று பட்டப்பெயர். வெளிநாட்டில் படித்து அங்கேயே தங்கிவிட்ட மருத்துவர்களை ஊர் திரும்பச் சொல்லித் தொலைபேசியில் அழைப்பதுதான் ஆறு வருடமாக அவர் வேலை. பட்டியலில் ஒரு எண்ணையும் விடக் கூடாது. அச்சடித்த தாளில் இருப்பதைத் தாண்டி ஒரு வார்த்தையும் பேசக் கூடாது.

இந்த வருடம் நாற்பத்தொன்றாவது எண் அவருடைய மகளுடையது. ஞாயிறுதோறும் வீட்டிலிருந்து அழைத்து, ஊருக்கு எப்போது திரும்புவாய் என்று அவளிடம் கேட்பார். "பாக்கலாம்மா" என்பாள். அதை நம்பி மாடி அறைக்கு வெள்ளையடித்து வைத்திருந்தார்.

"சொந்தப் பொண்ணுக்கும் அதே பாட்டுதானாக்கா?" என்று பக்கத்து மேசைக்காரர் சிரித்தார்.

அவர் அந்த எண்ணை அழுத்தினார். "வணக்கம் டாக்டர்" என்று ஆரம்பித்து, சம்பளம், குடியிருப்பு, மாவட்ட மருத்துவமனையில் காலியாக இருக்கும் இடம் என எல்லாவற்றையும் வாசித்தார். மகள் கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"நீ வீட்டுல இருந்து கேட்டா எதையாவது சொல்லிச் சமாளிப்பேன்மா. இது ஆபீஸ், பொய் சொல்ல முடியாது. வரலன்னு எழுதிக்கோ."

தாளில் அடுத்த வரி, 'உங்கள் நேரத்துக்கு நன்றி.' அதையும் வாசித்தார். 'வரவில்லை' கட்டத்தில் டிக் அடித்தார். நாற்பத்திரண்டாவது எண்ணை அழுத்தினார்.

"வணக்கம் டாக்டர்."